இல்லாத பொன்னுக்குப் பல பங்காளிகள்

கீழ்த்திசைக் கடலில் போர்னியோ என்னும் பெருந்தீவு ஒன்று உளது. அதன் பெரும்பகுதி இன்று இந்தோனேசியக் குடியரசைச் சேர்ந்தது. அப்பகுதியை அந்நாட்டார் கலிமந்தான் என்று அழைப்பர். அதன் கிழக்குப் பகுதியில் மகாகம் என்னும் பேராறு ஓடுகிறது. அவ்வாற்றங்கரையில் மூவாரா காமான் என்னும் இடத்தில் வேள்வித் தூண்களாக நட்ட ஏழு கற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை கி.பி. 400-ஐ ஒட்டிய காலத்தன என்பது அறிஞர் கருத்து. அவற்றின் மொழி வடமொழி. எழுத்தோ நம் பல்லவர் கால எழுத்தின் சாயல் கொண்டது. மூலவர்மன் என்னும் அரசன் அந்தணர்க்கு ஆநிரை வழங்கியதையும், 'பகுசுவர்ணகம்' என்னும் வேள்வி இயற்றியதையும் அக்கற்கள் அறிவிக்கின்றன. 'மிகுந்த பொன்' என்பது அச்சொல்லின் பொருள்.

அந்தக் கற்கள் கிடைத்த குதாய் நாட்டின் உட்காட்டிலே, ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் கழித்து, மற்றொரு பொன்வேள்வி நடைபெற்றது. அதில் அமைச்சர் இருந்தனர். அதிபரின் மக்கள் இருந்தனர். கடல் கடந்த நாடுகளின் முன்னாள் தலைவர்களும் இருந்தனர். பங்குகள் விழுக்காடு விழுக்காடாகப் பிரிக்கப்பட்டன, கையெழுத்தும் ஆயிற்று. பொன் மட்டுமே இல்லை.

1993 முதல் 1997 வரை நிகழ்ந்த இவ்வரலாற்றைப் 'புசாங் பொன் மோசடி' என்பர். இதனைப் பெரும்பாலோர் ஒரு கம்பெனி செய்த திருட்டு என்ற அளவிலே கூறி நிறுத்திவிடுகின்றனர். அடியேனுக்கோ இஃது ஓர் ஆட்சி முறையின் வரலாறாகவே தோன்றுகிறது. அக்கோணத்திலிருந்தே இதனைச் சங்க அன்பர்களின் முன் வைக்கிறேன்.

சட்டமும் கையெழுத்தும்

இந்தோனேசியா 1945-இல் விடுதலை அறிவித்தபோது வகுத்த அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு மிக உயர்ந்தது. மண்ணும் நீரும் அவற்றுள் அடங்கிய இயற்கைச் செல்வமும் அரசின் ஆளுகையில் இருத்தல் வேண்டும். மக்களின் நலத்துக்கே அவை பயன்படுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. நெடுங்காலம் டச்சுக்காரரின் ஆட்சியில் தம் செல்வம் கப்பலேறிப் போவதைக் கண்ட மக்கள் அவ்வாறு விதித்தது இயல்பே.

ஆனால் செல்வம் மண்ணுக்குள் கிடந்தால் பசி தீராது. அதை வெளிக்கொணர முதல் வேண்டும், பொறி வேண்டும், கற்றவர் வேண்டும். 1967-இல், தளபதி சுகார்த்தோ ஆட்சிப் பொறுப்பை ஏற்ற காலத்தில், அந்நிய முதலீட்டுச் சட்டமும் சுரங்கச் சட்டமும் இயற்றப்பட்டன. அவ்வாண்டிலேயே பிரீபோர்ட் என்னும் அமெரிக்கக் கம்பெனி, இன்று பாப்புவா எனப்படும் நிலத்தின் மலைச் செம்புக்காக ஒப்பந்தம் செய்துகொண்டது. இவ்வகை ஒப்பந்தத்துக்குப் 'பணி ஒப்பந்தம்' என்று பெயர். நிலம் அரசினுடையது, வேலை கம்பெனியுடையது, வரியும் உரிமைத் தொகையும் அரசுக்குச் சேரும். முதலில் ஆராயும் அனுமதி, பிறகு துளையிடும் அனுமதி, இறுதியில் அதிபரின் ஒப்புதலோடு ஒப்பந்தம் என்பது முறை.

ஏட்டளவில் இந்த ஏற்பாட்டில் குறை காண்பது அரிது. குறை வேறிடத்தில் இருந்தது. சுகார்த்தோ 1998 வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். எந்தப் பெரிய அனுமதியும் அவர் மனம் இசையாமல் நடவாது என்ற நிலை நாளடைவில் வேரூன்றிற்று. அவருடைய மக்களும் நண்பர்களும் சுங்கச் சாலை, தொலைபேசி, மரம், கிராம்பு, விமானம் எனப் பல தொழில்களிலும் பங்காளிகளாயினர். விதியைக் கேட்டு வாசலில் நிற்பதைவிட வேண்டியவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே செல்வதே விரைவான வழி என்பதை வணிகர் அனைவரும் அறிந்தனர். ஊழல், கூட்டுச்சதி, உறவினர்க்குச் சலுகை ஆகிய மூன்றின் முதலெழுத்துகளையும் சேர்த்து அந்நாட்டு மக்கள் ஒரு சுருக்கச் சொல்லே வழங்கினர். 1998-இல் மாணவர் தெருவில் இறங்கியபோது அச்சொல்லே அவர்களின் முழக்கமாயிற்று. வேலியே பயிரை மேய்ந்தால் விளைவு யாது என்பதை நாம் அறிவோம். மேய்ந்தது பயிரே அன்று, வெறும் மண் என்பது பின்னர் வெளிப்பட்டதே இவ்வரலாற்றின் விந்தை.

புசாங்கில் கண்ட பொன்

கனடா நாட்டின் கால்கரி நகரில் டேவிட் வால்ஷ் என்பவர் பிரெ-எக்ஸ் என்னும் சிறு கம்பெனியை நடத்தி வந்தார். அதன் பங்கு சில காசுகளுக்கு விலைபோயிற்று. 1993-இல் அவர் இந்தோனேசியா சென்று ஜான் பெல்டர்ஹாப் என்னும் மண்ணியல் அறிஞரைச் சந்தித்தார். பெல்டர்ஹாப் புதியவர் அல்லர். பாப்புவா நியூகினியின் ஓக் தேதி என்னும் பெருஞ்சுரங்கத்தைக் கண்டறிந்தோருள் ஒருவர் என்று பெயர் பெற்றவர். அவரும், பிலிப்பைன்ஸ் நாட்டு மண்ணியலாளரான மைக்கேல் டி குஸ்மானும், புசாங் என்னும் காட்டு நிலத்தைப் பரிந்துரைத்தனர். ஏறத்தாழ 80,000 அமெரிக்க டாலருக்கு அந்நிலத்தின் ஆராய்ச்சி உரிமை கைமாறிற்று.

துளையிடத் தொடங்கினர். பொன் இருப்பதாக அறிக்கை வந்தது. அடுத்த அறிக்கையில் அளவு கூடிற்று. அதற்கடுத்ததில் மேலும் கூடிற்று. 1997 பிப்ரவரியில் கம்பெனி அறிவித்த அளவு ஏறத்தாழ 7 கோடியே 10 லட்சம் அவுன்ஸ். 20 கோடி அவுன்ஸ் வரை கிடைக்கலாம் என்றும் பெல்டர்ஹாப் கூறினார்.

அவுன்ஸ் கணக்கு நம் இல்லத்தாய்மார்க்குப் புரியாது. பொன்னை நிறுக்கும் அவுன்ஸ் ஒன்றுக்கு 31 கிராமும் சிறிதும். அறிவித்த பொன் சுமார் 2,200 டன். அதாவது 27 கோடியே 60 லட்சம் சவரன். நம் கோலார் தங்கவயல், தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கடியில் இறங்கி உழைத்த அந்தத் தங்கவயல், 2001-இல் மூடப்படும்வரை நூற்றிருபது ஆண்டுகளில் தந்தது ஏறத்தாழ 800 டன். புசாங்கில் உள்ளதாகச் சொன்ன பொன் அதனைப்போல் இரண்டே முக்கால் மடங்கு.

இச்செய்தி கேட்டுக் கனடாவின் பங்குச் சந்தை பித்துக்கொண்டது. 1996 மே மாதத்தில் ஒரு பங்கின் விலை 286 கனடா டாலரைத் தாண்டிற்று. கம்பெனியின் மொத்த மதிப்பு சுமார் 600 கோடி டாலர் என்று கணக்கிட்டனர். ஒரு கைப்பிடிப் பொன்னும் விற்பனைக்கு வராத காலம் அது.

பங்கு கேட்டு வந்தோர்

பொன் பெரிது என்றால் அதன்மேல் விழும் நிழலும் பெரிது. பிரெ-எக்ஸிடம் இருந்த அனுமதி, நிலத்தின் முக்கியமான பகுதிக்கு இன்னும் தொடக்க நிலையிலேயே இருந்தது. பழைய உள்ளூர்க் கூட்டாளி ஒருவர் தமக்கும் உரிமை உண்டு என்றார். 1996-இல் சுரங்க அமைச்சகம் அத்தொடக்க அனுமதியையும் திரும்பப் பெற்றது. இப்போது புசாங்கின் கதவு மூடியிருந்தது. திறவுகோல் ஜகார்த்தாவில் இருந்தது.

பாரிக் என்னும் கனடாவின் பெருங்கம்பெனி முதலில் வந்தது. அதன் ஆலோசனைக் குழுவில் அமெரிக்காவின் முன்னாள் தலைவர் மூத்த ஜார்ஜ் புஷ்ஷும் கனடாவின் முன்னாள் பிரதமர் பிரையன் மல்ரோனியும் இருந்தனர். கம்பெனிக்காக புஷ் சுகார்த்தோவுக்கு மடலும் எழுதினார். அதிபரின் மூத்த மகள் சித்தி ஹர்டியாந்தி ருக்மானாவின் குழுமத்தோடு பாரிக் கைகோத்தது.

பிரெ-எக்ஸ் வாளாவிருக்கவில்லை. 1996 அக்டோபர் இறுதியில், அதிபரின் மூத்த மகன் சிகித்துக்குத் தொடர்புடைய பனுத்தான் குழுமத்துக்குப் புசாங்கில் 10 விழுக்காடும், ஆலோசனைக் கட்டணமாக மாதம் 10 லட்சம் டாலர் வீதம் 40 மாதங்களுக்கு 4 கோடி டாலரும் தருவதாக அறிவித்தது. அக்கா ஒரு பக்கம், தம்பி மறுபக்கம். வீட்டுக்குள்ளேயே ஏலம் நடந்தது எனலாம். அடுத்த மாதம் அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது: பாரிக்குக்கு 75 பங்கு, பிரெ-எக்ஸுக்கு 25, இவற்றிலிருந்து அரசுக்கு 10 ஒதுக்குக என்று. கண்டுபிடித்தவனுக்குக் கால், பிறகு வந்தவனுக்கு முக்கால் என்றால், எந்தச் சட்டத்தின் எந்த விதியின் கீழ் என்று கேட்பார் இல்லை.

உலகெங்கும் கூக்குரல் எழுந்தது. பிளேசர் டோம் என்னும் மற்றொரு கம்பெனியும் போட்டிக்கு வந்தது. முடிவில் அதிபரின் நெருங்கிய நண்பரும், மர வணிகத்தில் முதன்மை பெற்றவருமான பாப் ஹசன் நடுவராக நின்றார். 1997 பிப்ரவரி 17-ஆம் நாள் பாகப்பிரிவினை முடிந்தது. பிரெ-எக்ஸுக்கு 45, பிரீபோர்ட்டுக்கு 15, அரசுக்கு 10, ஹசன் சார்பான இந்தோனேசியக் கம்பெனிகளுக்கு 30. ஹசன் தலைமை வகித்த நுசாம்பா என்னும் குழுமத்தின் பெரும்பங்கு, சுகார்த்தோ தலைமை தாங்கிய அறக்கட்டளைகளுக்கு உரியது. அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மக்களின் அரசுக்குப் பத்து. அதிபரின் நண்பர் வட்டத்துக்கு முப்பது. இதுவே அன்றைய ஆட்சியின் உண்மையான அரசியலமைப்பு.

மூட்டை நின்ற இடம்

இத்தனை பேச்சும் நடந்த மாதங்களில் வெளியார் எவரும் புசாங்கில் தனியே துளையிட்டுப் பார்க்கவில்லை. இதுவே நாம் உற்று நோக்க வேண்டிய இடம்.

துளைப்பொறி பூமிக்குள் இறங்கி, உருளை வடிவில் கல்லை வெளியே கொணரும். அதனை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறு பாதியைப் பெட்டியில் வைத்துக் காத்தல் உலகெங்கும் உள்ள வழக்கம். எவரேனும் ஐயுற்றால் வைத்திருக்கும் பாதியை எடுத்துப் பார்க்கலாம். புசாங்கில் சிறு துண்டு தவிர முழுக்கல்லும் பொடியாக்கப்பட்டது. இங்குள்ள பொன் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. ஆதலின் முழுவதையும் அரைத்தால்தான் சரியான அளவு தெரியும் என்று காரணம் கூறினர். கேட்பதற்கு அறிவியல்போல் இருந்தது. ஆனால் எதிர்ச்சான்று அழிந்தது.

கல் காட்டிலிருந்து பையில் கட்டப்பட்டு ஆற்று வழியே சமரிந்தா நகரை நோக்கி வரும். அதன் அருகில் கம்பெனியின் கிடங்கில் தங்கும். பிறகு பாலிக்பாப்பானில் உள்ள சோதனைச் சாலைக்குப் போகும். சோதனைச் சாலை நேர்மையானது. தன்னிடம் வந்த பொடியில் உள்ள பொன்னை உள்ளபடி அளந்து கூறிற்று. கில்போர்ன் என்னும் பெயர்பெற்ற பொறியியல் கம்பெனி அந்த எண்களைக் கொண்டு மொத்தப் பொன்னைக் கணக்கிட்டது. அதுவும் கூட்டலில் பிழை செய்யவில்லை. ஆனால் பொடியில் இருந்த பொன் அந்தக் கல்லில் பிறந்தது அன்று, வழியில் சேர்க்கப்பட்டது. ஆற்றுமணலை அரித்துப் பிழைக்கும் ஏழைகளிடம் கிடைப்பது போன்ற துகள், அளவாகத் தூவப்பட்டிருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேயின் கூட்ஸ் ஆபீசில் காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்று கூறத் துணிகிறேன். ஏற்றுமிடத்தில் எடை சரியாக இருக்கும். இறக்குமிடத்திலும் தராசு சரியாக இருக்கும். இருந்தும் சரக்கு மாறியிருந்தால், வழியில் அது நின்ற இடம் எது, அங்கே சீல் இருந்ததா, யார் பொறுப்பில் இருந்தது என்றே முதலில் விசாரிப்பர். இது எந்தக் கடைநிலைக் குமாஸ்தாவும் அறிந்த வழக்கம். 600 கோடி டாலர்ச் சரக்கு விஷயத்தில் இக்கேள்வியைக் கேட்க எவரும் முன்வரவில்லை.

ஏன் கேட்கவில்லை? கம்பெனியார் கேட்கவில்லை என்பதில் வியப்பில்லை. பங்கு வாங்கினோர் விலையேற்றத்தில் மயங்கியிருந்தனர். அமைச்சகம் எங்ஙனம் மறந்தது? நாட்டின் செல்வத்துக்குக் காவலர் அவரன்றோ? காரணம் இதுவே என எனக்குத் தோன்றுகிறது. அனுமதி என்பது சோதித்துத் தரும் சான்றாக இருந்த வரையில் அதிகாரி கல்லைப் பார்ப்பான். அனுமதி என்பது விலைக்குரிய சலுகையாக மாறியபின் அவன் கேட்பவர் முகத்தைப் பார்ப்பான். பிள்ளை பிறந்ததா என்று பாராமல் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினர். மேலும், அதிபரின் மக்களே பங்கு கொண்ட பொருளில், 'பொன் உண்மையாகவே உண்டா?' என்று கேட்கும் துணிவு எந்தக் கீழ்நிலை அதிகாரிக்கு வரும்? மேலிடத்தார் கைவைத்ததே அப்பொருள் மெய் என்பதற்குச் சான்றாயிற்று. அதனைக் கண்ட வெளிநாட்டார், இவ்வளவு பெரியோர் போட்டியிடுகின்றனர் என்றால் பொன் இருந்தே தீரும் என நம்பினர். ஒருவர் நம்பிக்கையே மற்றவர்க்கு ஆதாரமாக, ஆதாரமே இல்லாத ஒரு கோபுரம் எழுந்தது.

சாயம் வெளுத்தது

சுரங்கத்தை நடத்தும் பொறுப்பு பிரீபோர்ட்டைச் சேர்ந்தது. பணத்தைப் போடும் முன் அது தன் ஆட்களை அனுப்பித் தானே துளையிட்டது. பிரெ-எக்ஸ் பெரும்பொன் கண்டதாகக் கூறிய துளைகளிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் புதுத் துளைகள் இறக்கப்பட்டன. பொன் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. புசாங் முகாமில் அவ்வாண்டு ஜனவரியில் நேர்ந்த தீயில் பழைய பதிவேடுகள் ஏற்கெனவே எரிந்திருந்தன.

இவை நடந்த 1997 மார்ச் மாதத்தில்தான் டொரன்டோ நகரில் பெல்டர்ஹாப்புக்குச் சிறந்த கனிமத் தேடுநர் என்னும் விருது வழங்கப்பட்டது. அங்கிருந்த டி குஸ்மானுக்குப் புசாங் வந்து விளக்கம் தருமாறு அழைப்புப் போயிற்று. மார்ச் 19-ஆம் நாள், சமரிந்தாவிலிருந்து புறப்பட்ட ஹெலிகாப்டரிலிருந்து அவர் காட்டில் விழுந்தார். நான்கு நாள் கழித்து உடல் கிடைத்தது. தற்கொலை எனப் போலீசார் முடிவு செய்தனர். ஐயங்கள் இன்றளவும் பேசப்படுகின்றன.

மார்ச் 26-ஆம் நாள் பிரீபோர்ட்டின் முடிவு வெளியாயிற்று. மறுநாள் சந்தை திறந்தபோது பங்கின் விலை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வீழ்ந்தது. பொதுவான சோதனையாளராக அமர்த்தப்பெற்ற ஸ்டிராத்கோனா என்னும் நிறுவனம் மே 4-ஆம் நாள் அறிக்கை தந்தது: புசாங்கில் தோண்டத்தக்க பொன் இல்லை, சோதனைப் பொடியில் பொன் கலக்கப்பட்டுள்ளது, இத்தனை பெரிய அளவில், இத்தனை நீண்ட காலம் நடந்த பொய்க்குச் சுரங்க வரலாற்றில் இணை இல்லை என்பது அதன் சாரம். நவம்பரில் பிரெ-எக்ஸ் திவாலாயிற்று.

இழந்தவர் யாவர்?

பெருஞ்செல்வர் பலர் தப்பினர். கனடாவின் ஒன்டாரியோ மாநில ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி சுமார் 10 கோடி டாலரை இழந்தது. கியூபெக் அரசு ஊழியர் நிதி ஏறத்தாழ 7 கோடியும், ஒன்டாரியோ நகராட்சி ஊழியர் நிதி ஏறத்தாழ 4 கோடியே 50 லட்சமும் இழந்தன. ஆல்பர்ட்டா மாநிலத்தில் செயின்ட் பால் என்னும் சிற்றூரில், கடைக்காரரும் உழவரும் ஒருவர் சொல்லி ஒருவராக வாங்கி, ஏட்டளவில் செல்வராகி, ஏட்டளவிலேயே வறியராயினர். மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்த காசு வயோதிக காலத்தில் கைகொடுக்கும் என்று நம்பும் நம் போன்றோர்க்கு இந்த இழப்பின் கனம் சொல்லாமலே விளங்கும்.

குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் எவர்? டி குஸ்மான் இறந்தார். வால்ஷ் 1998 ஜூனில் பஹாமாஸ் தீவில் நோயுற்று இறந்தார். கனடாப் போலீசார் 1999-இல் எவர்மீதும் வழக்கின்றி விசாரணையை முடித்தனர். விஷயம் வெளியாகு முன்பே பங்குகளை விற்றுப் பெரும்பொருள் ஈட்டியதாக பெல்டர்ஹாப் மீது வழக்கு நடந்து, 2007-இல் அவர் விடுதலை பெற்றார், 2019-இல் காலமானார். அனுமதியைப் பேரம் பேசியதற்காக ஜகார்த்தாவில் எவரும் அப்போது கூண்டில் ஏறவில்லை.

வெளிநாட்டுக் கதை என்று நாம் தள்ளிவிடவும் வேண்டா. நம் நீலகிரியைச் சார்ந்த தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் 1880-ஐ ஒட்டிப் பொன் உண்டு என்ற பேச்சு எழுந்து, லண்டனில் பல கம்பெனிகள் தோன்றிப் பங்குகள் விற்று, சில ஆண்டுகளில் பெரும்பாலும் மறைந்தன. காட்டில் எந்திரங்கள் துருவேறிக் கிடந்தன. பொன் என்ற சொல் காதில் விழுந்தால் மனிதன் கண்ணை மூடிக்கொள்வது எந்நாட்டுக்கும் பொது.

அதன் பின்னர்

அதே 1997-இன் பிற்பகுதியில் ஆசிய நாடுகளின் நாணயங்கள் சரிந்தன. இந்தோனேசியாவில் விலைவாசி ஏறி, மக்கள் கொதித்தெழுந்தனர். 1998 மே 21-ஆம் நாள் சுகார்த்தோ பதவி விலகினார். பாப் ஹசன், காட்டு நில வரைபடத் திட்டம் ஒன்றில் செய்த ஊழலுக்காக 2001-இல் சிறைத்தண்டனை பெற்றார். அது புசாங்குக்காக அன்று.

கனடாவில் 2001-இல் புது விதி வந்தது. கனிம அளவை அறிவிக்கும் அறிக்கையில், தகுதி பெற்ற வல்லுநர் ஒருவர் தம் பெயரால் பொறுப்பேற்றுக் கையொப்பம் இட வேண்டும் என்பது அது. இந்தோனேசியாவில் ஊழல் ஒழிப்பு ஆணையம் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அமைச்சர், ஆளுநர், நாடாளுமன்றத்தார் எனப் பலரை அது நீதிமன்றத்தில் நிறுத்திற்று.

ஆயினும் நோய் இடம் மாறிற்று. அதிபர் ஒருவரிடம் குவிந்திருந்த அதிகாரம் மாவட்டத் தலைவர்களுக்குப் பகிரப்பட்டபோது, சுரங்க அனுமதிகள் பத்தாயிரத்துக்கு மேல் பெருகின. ஒரே நிலத்துக்கு இருவர்க்கு அனுமதி. காப்புக் காட்டுக்குள் அனுமதி. வரி எண்ணே இல்லாதவர்க்கு அனுமதி என்பன 2014-இல் அவ்வாணையம் நடத்திய ஆய்வில் வெளிப்பட்டன. ஆயிரக்கணக்கானவை ரத்தாயின. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வதிகாரத்தை மீண்டும் ஜகார்த்தாவுக்கே கொண்டு சென்றது. முன்பு ஒரு வாசல். பிறகு நூறு வாசல். மறுபடியும் ஒரு வாசல். வாசலின் எண்ணிக்கையைப் பற்றியே பேச்சு நடந்தது. வாசலில் நிற்போன் என்ன கேட்கிறான் என்பதே உண்மையான கேள்வி.

நல்லதையும் கூறல் வேண்டும். 2018 டிசம்பரில், பாப்புவாவின் பெரும் பொன் செம்புச் சுரங்கத்தை நடத்தும் கம்பெனியில் 51 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட பங்கை, 385 கோடி டாலர் கொடுத்து இந்தோனேசிய அரசு தன் கைக்குக் கொணர்ந்தது. 1967-இல் எழுதிய கணக்கு ஐம்பது ஆண்டு கழித்துத் திருத்தப்பட்டது. உரிமை வந்துவிட்டது. அதன் பயன் மலையடிவாரத்து மக்களுக்குச் சேருகிறதா என்பதை அம்மக்களே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இறுதியாக ஒரு கருத்து. புசாங்கில் பொன் இல்லை. ஆகவேதான் இந்த வரலாறு உலகுக்குத் தெரிந்தது. ஒருக்கால் பொன் உண்மையாகவே இருந்திருந்தால் யாது நடந்திருக்கும்? 45, 15, 10, 30 என்ற அந்தப் பிரிவினை அப்படியே நிலைத்திருக்கும். திறப்பு விழா நடந்திருக்கும், நாடாக்களை வெட்டியிருப்பர், மக்களுக்குரிய பொருளில் முப்பது பங்கு நண்பர் வட்டத்துக்குப் போனதை எவரும் மோசடி என்று பெயரிட்டிருக்க மாட்டார். காட்டிலே பொன்னைத் தூவியவனை உலகம் திருடன் என்கிறது. தலைநகரில் இல்லாத பொன்னைப் பங்கிட்டவர்களை ஏமாந்தவர்கள் என்று இரங்குகிறது. எனக்கு இரண்டும் ஒரே ஏட்டின் இரு பக்கங்களாகவே தோன்றுகின்றன. சோதிப்பவனைப் பங்காளியாக்கிய நாட்டில்தான் அந்தத் தூவலுக்கு நான்காண்டு வாழ்வு கிடைத்தது.

வள்ளுவர் பெருமான் ஆள்வோர்க்குத் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்வது முதலில், நம்புவது பிறகு என்பதே அத்தலைப்பின் வரிசை. அவ்வரிசை மாறினால் பேரரசும் ஏமாறும், சிறு குடும்பமும் ஏமாறும். அன்பர்களே, நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் வரவு செலவு வாசிக்கும் நேரத்தில் பலரும் காபிக்கு எழுந்து செல்வது வழக்கம். இவ்வாண்டு அமர்ந்து கேளுங்கள். ஒருவர் எழுந்து வவுச்சர் எங்கே என்று கேட்டால், அவரைக் குறை காண்பவர் என்று எண்ணி முகம் சுளிக்காதீர்கள். புசாங்கில் இல்லாமற் போனது அப்படி ஒருவரே.